காக்கா உத்தியோகம்

வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பிழைக்கிறவனைப் பற்றி வெளியுலகில் பலவிதமான அபிப்பிராயங்கள் இருக்கலாம். எங்கள் ஆதம்பாக்கம் ஃப்ளாட்ஸில் ஒரே ஒரு அபிப்பிராயம்தான். "அவர் சும்மாதான் இருக்கார்!"

ஆகவே, மூன்றாவது மாடிக்கு வருகிற காஸ் சிலிண்டருக்கும் நான்தான் பொறுப்பு. கூரியர்காரருக்குக் கையெழுத்துப் போடுவதும் நான்தான். டேங்க் நிரம்பி வழிந்தால் மோட்டாரை நிறுத்துவதும் நான்தான். பி.காம். படித்த பாவத்துக்கு அசோசியேஷன் கணக்கு வேறு. இப்படி ஒரு மனிதன் கட்டடத்தில் இருக்கும்போது, 2023 ஜூன் மாதத்தில் ஒரு பறவைக் குஞ்சு தரையில் விழுந்தால், அதை எந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுப்பார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

பக்கத்து மனை கைமாறியிருந்தது. அதில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தை ஒரே காலையில் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். மரத்தோடு ஒரு காக்கைக் கூடும் வந்தது. கூடு என்றதும் குச்சிகளைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். சென்னைக் காக்கைகள் நவீன கான்ட்ராக்டர்கள். பாதிக்கு மேல் கட்டுக்கம்பி. உள்ளே இரண்டு குஞ்சுகள். ஒன்று விழுந்த அதிர்ச்சியிலேயே போய்விட்டது. இன்னொன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாட்ச்மேன் அண்ணன் என் வாசலில் நின்றார். கறுப்பாய், முழுசாக இறகு முளைக்காமல், கழுத்துக்கு மேலே எல்லாமே வாயாக இருந்தது.

"சார், காக்கா குஞ்சு சார். இன்னா பண்றது?"

அவருக்குப் பின்னால் ஆகாயத்தில் காக்கைகளின் அவசரப் பொதுக்குழு கூடியிருந்தது. மேல்வீட்டு ரிடையர்டு ஹெட்மாஸ்டர் குடை பிடித்துக்கொண்டுதான் பால் வாங்கப் போனார்.

அம்மா எட்டிப் பார்த்தாள். தினமும் காலையில் சுவரில் ஒரு கைப்பிடி சாதம் வைத்து 'கா... கா...' என்று கூப்பிட்ட பிறகே காபியைத் தொடுகிறவள். குஞ்சைப் பார்த்ததும் தாழ்ந்த குரலில், "இந்த வாரம்தான் உங்க தாத்தா திதி" என்றாள்.

தாத்தாவைத் துண்டோடு வாங்கிக்கொண்டேன்.

*

நண்பர் ஒருவர் மூலமாக, பறவைகளை மீட்டுப் பராமரிக்கும் ஒரு தன்னார்வக் குழுவின் நம்பர் கிடைத்தது. மறுமுனையில் பேசிய பெண் பகலில் பாங்க் ஊழியர். குரலிலேயே கவுன்ட்டர் கண்டிப்பு தெரிந்தது.

"சார், முதல்ல நான் சொல்றதை மட்டும் பண்ணுங்க. பால் ஊத்தாதீங்க. தண்ணி சொட்டாதீங்க. சாதம், பிரெட் எதுவும் வேண்டாம்."

காரணத்தையும் சொன்னார். பறவையின் மூச்சுக்குழல் வாசல் நாக்கின் அடியிலேயே இருக்கிறது. நாம் பரிதாபப்பட்டு வாயில் விடுகிற இரண்டு சொட்டுத் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். பால் பறவைக்குச் செரிக்காது. விழுந்த குஞ்சுகளில் நிறைய, விழுந்ததால் சாவதில்லையாம். தூக்கி எடுத்தவர்களின் உபசாரத்தில் சாகின்றனவாம்.

முதல் தேவை கதகதப்பு. உடம்பு சில்லென்று இருக்கும் குஞ்சுக்குச் சாப்பாடு கொடுத்தால் ஜீரணமாகாது. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் பழைய பருத்தித் துணி, பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில், இருட்டு, அமைதி. டி.வி. கூடாது. கூட்டம் கூடாது. "பாவம், பாவம்" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து பார்க்கவும் கூடாது.

"இப்ப சொல்லுங்க சார், அது நிஜமாவே அநாதையா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதானாம். மே, ஜூன் மாதங்களில் ஆபீஸ் பார்க்கிங்கில், பைக்குக்கு அடியில், குட்டை வாலோடு தத்தித் தத்தி ஒரு குஞ்சு போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இறகு மூடியிருந்து, காலூன்றி நின்று, கிளையைப் பிடிக்கத் தெரிந்தால் அது அநாதை இல்லை. பறக்கப் பழகுகிற பிள்ளை. லைசென்ஸ் வாங்குவதற்கு முன் 'எல்' போர்டு மாட்டிக்கொண்டு ஓட்டுகிற பருவம். அப்பாவும் அம்மாவும் பக்கத்து மரத்திலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். நாம் செய்ய வேண்டியது, பூனையை விரட்டிவிட்டு, குஞ்சைப் பக்கத்துப் புதரிலோ கிளையிலோ வைத்துவிட்டுத் தள்ளிப் போவது. அதைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது மீட்பு இல்லை சார், சாட்சாத் பிள்ளை பிடிக்கிற வேலை!

'மனுஷன் கை பட்டால் தாய்ப் பறவை சேர்க்காது' என்று சின்ன வயசிலிருந்தே கேட்டிருக்கிறோம் இல்லையா? அதுவும் கட்டுக்கதை. பறவை தன் குஞ்சைக் குரலால் அறியும், இடத்தால் அறியும். நம் கை வாடைக்காக யாரும் பிள்ளையைத் தள்ளிவைப்பதில்லை.

எங்கள் கேஸில் குஞ்சுக்கு இறகு முளைக்கவில்லை. கூடும் போய்விட்டது. இதற்கும் ஒரு வழி உண்டு. தண்ணீர் வடிய ஓட்டையுள்ள பிளாஸ்டிக் கூடையில் காய்ந்த குச்சிகளைப் போட்டு, குஞ்சை வைத்து, பழைய இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். பெற்றோர் தேடி வந்து புதுக் கூட்டிலேயே ஊட்ட ஆரம்பித்துவிடும். பாதிக் கேஸ்கள் இப்படியே முடிந்தால்தான் நல்லது என்றார் பாங்க் பெண்.

காம்பவுண்டு வேப்பமரத்தில் ஏறினேன், ஹெல்மெட்டோடு. காரணம், அம்மா தினமும் சாதம் வைத்துப் போஷிக்கும் அதே காக்கைகள் என் மண்டையைக் குறிவைத்து டைவ் அடித்தன. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில், ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியர் 2006-ல் முகமூடி போட்டுக்கொண்டு காக்கைகளைப் பிடித்தார். வருஷங்கள் கழித்தும் அந்த முகமூடியைப் பார்த்தாலே காக்கைகள் ஊரைக் கூட்டித் திட்டினவாம். ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன். நாளைக்கும் இதே தெருவில் நடமாட வேண்டுமே!

காலை பதினொரு மணியிலிருந்து ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அந்த இரண்டு காக்கைகளும் வந்தன. ஆனால் கூடைக்கு வரவில்லை. மரம் நின்றிருந்த இடத்துக்கு மேலே, வெறும் காற்றில், கூடு இருந்த அதே உயரத்தில் சுற்றிச் சுற்றிப் பறந்தன. அங்கே கால் வைக்க ஒரு கிளை இல்லை. மறுபடி சுற்றின. நடுவில் கூடையிலிருந்து குஞ்சு கத்தியும் பார்த்தது. கீழே லாரியில் மரத்தை ஏற்றிக்கொண்டிருந்த சத்தத்தில் எதுவும் எடுபடவில்லை. லாரி போன பிறகும் அவை கூடைப் பக்கம் திரும்பவில்லை. ஆறரை மணிக்கு இருட்டத் தொடங்கியதும் போய்விட்டன.

போன் செய்தேன்.

"சரி சார். இப்ப அது அநாதைதான். எடுத்துக்கங்க. வனத்துறைக்கு நாங்க தகவல் கொடுத்துடறோம். எங்ககிட்ட சீசன்ல இடமே இல்லை, பறக்கிற வரைக்கும் உங்க வீட்டுலதான். ஒண்ணு பண்ணுங்க, காலைப் பிடிச்சு விரலை எண்ணுங்க."

எண்ணினேன். நான்கு.

"நாலுன்னு தெரியும் சார்! முன்னாடி எத்தனை, பின்னாடி எத்தனை?"

"முன்னாடி ரெண்டு... பின்னாடி ரெண்டு."

மறுமுனையில் சிரிப்பு. "காக்காக்கு முன்னாடி மூணு, பின்னாடி ஒண்ணு. உங்க வீட்டுக்கு வந்திருக்கிறது குயில், சார்."

அம்மாவிடம் சொன்னேன். முகம் லேசாக வாடிவிட்டது. "அப்ப... தாத்தா இல்லையா?"

*

குயில் கூடு கட்டாது, காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்பது நாம் ஸ்கூலில் படித்ததுதான். அதற்கு மேல் இருக்கிற சமாசாரங்கள்தான் ருசிகரமானவை. குயில் முட்டை பன்னிரண்டு, பதினான்கு நாளில் பொரிந்துவிடும், காக்கை முட்டைக்கு முன்னாலேயே. முதலில் வந்தவனுக்கு முதல் கவளம். சில நாட்டுக் குயிலினக் குஞ்சுகள் மாதிரி கூட இருக்கும் பிள்ளைகளை வெளியே தள்ளிக் கொல்லும் வழக்கம் நம்மூர்க் குயில் குஞ்சுக்குச் சாதாரணமாக இல்லை. ஆரம்பத்தில் காக்கை மாதிரியே கத்திச் சாப்பாடு கேட்கும். இருபதிலிருந்து இருபத்தெட்டு நாளில் கூட்டை விட்டு வெளியே வந்துவிடும்.

காக்கை அதை வளர்க்கும். அசல் பெற்றோரைச் சாதாரணமாகப் பார்த்தே இராத அந்தப் பிள்ளை, வளர்ந்ததும் காக்கையாக மாறுவதில்லை. யாரும் சொல்லித்தராமலே குயிலாகக் கூவுகிறது, குயிலாகப் பழம் தின்கிறது, குயிலோடு ஜோடி சேர்கிறது. வடமொழியில் குயிலுக்குப் 'பரபிருதம்' என்று ஒரு பெயர். பிறரால் வளர்க்கப்பட்டது என்று பொருள். காக்கைக்குப் 'பரபிருத்'. பிறர் பிள்ளையை வளர்ப்பது! ஒரே வேர்ச்சொல்லில் இரண்டு பேரின் ஜாதகத்தையும் எழுதிவிட்டார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்கிறோம். தன் குஞ்சே இல்லாததும் அதற்குப் பொன் குஞ்சுதான்.

அந்த உத்தியோகம் இப்போது எனக்கு வந்திருந்தது.

காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறரை வரை, முக்கால் மணிக்கு ஒரு தரம். ஒரு நாளைக்கு 17 தடவை. மசித்த பப்பாளி, வேகவைத்த முட்டை, தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்த பூனைத் தீனி, கிடைத்தால் அத்திப்பழம். முனை மழுங்கிய இடுக்கியால் சின்னச் சின்ன உருண்டையாக வாய்க்குள் வைக்க வேண்டும். ஈரமெல்லாம் பழத்திலிருந்தே வந்துவிடும். காலையில் முதல் வேளைக்கு முன் எடை பார்க்க வேண்டும். நம் ஆபீஸ்களில் ஹெச்.ஆர். டிபார்ட்மென்ட் கேட்பதை விட அதிகமான விவரங்களை பாங்க் பெண் தினமும் கேட்டார்.

பழைய பேரேடு ஒன்றை எடுத்தேன். இடது பக்கம் வரவு: நேரம், பப்பாளி, முட்டை. வலது பக்கம் செலவு: எச்சம், நிறம், எத்தனை தடவை. சத்தியமாகச் சொல்கிறேன், அசோசியேஷன் கணக்கு என்றைக்குமே டாலி ஆனதில்லை. இந்தக் கணக்கு அன்றன்றைக்கு டாலி ஆனது. முதல் நாள் 85 கிராம். ஐந்தாம் நாள் 112. பத்தாம் நாள் 140. ஆறாம் நாள் மட்டும் ஏறவே இல்லை. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. மறுநாள் 5 கிராம் ஏறியதும் தெருமுனைக் கடையில் எனக்கு நானே ஒரு பாதாம் பால் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

சினிமாவுக்குப் போக முடியாது. ஒரு கல்யாணத்துக்குப் போய், முகூர்த்தம் முடிவதற்குள் "எனக்கு ஊட்டுற டயம்" என்று எழுந்து வந்தேன். பெண் வீட்டார் எனக்கு எப்போது கல்யாணம் ஆயிற்று என்று குழம்பிப் போனார்கள். இதையெல்லாம் ஒரு காக்கை ஜோடி செய்கிறது. செல்போன் அலாரம் இல்லை, கேஷுவல் லீவ் இல்லை, அப்ரைசல் இல்லை.

*

ஊட்டுவது கூடப் பழகிவிட்டது. கஷ்டமானது வேறு.

"சார், பேர் வெச்சுடாதீங்க. கொஞ்சாதீங்க. பேசாதீங்க. உங்க முகம் அதுக்குத் தெரியக் கூடாது."

"அப்புறம் எப்படிம்மா வளர்க்கிறது?"

"வளர்க்கலை சார். திருப்பிக் கொடுக்கப் போறோம்."

பறவைக் குஞ்சுகளில் பல, கண் திறந்து யாரைப் பார்த்து வளர்கின்றனவோ அவர்களையே தம் இனம் என்று நினைத்துவிடும். ஆஸ்திரியாவின் கான்ராட் லாரென்ஸ் இதைத்தான் 1935-ல் விரிவாக எழுதினார். வாத்துக் குஞ்சுகள் அவரை அம்மா என்று நினைத்து, அவர் போகிற இடமெல்லாம் வரிசையாகப் பின்னால் போயின. 1973-ல் நோபல் பரிசு கிடைத்தவர்களில் அவரும் ஒருவர். படத்தில் பார்க்க அழகுதான். ஆனால் மனிதனை அம்மா என்று நம்பிய பறவை வெளியே போய் என்ன செய்யும்? முதலில் பார்த்த ஆளின் தோளில் போய் உட்காரும். அந்த ஆள் நல்லவனாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நாயைப் பார்த்தும் பயப்படாது. தன் இனத்தோடும் சேராது. அன்பாலேயே ஆயுசைக் குறைப்பது என்றால் இதுதான்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா காண்டார் என்ற ராட்சதப் பிணந்தின்னிக் கழுகு, 1982-ல் உலகத்திலேயே 22 மட்டும் மிஞ்சியிருந்தது. 1987-ல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்தார்கள். குஞ்சுகளுக்கு மனித முகம் தெரியக் கூடாது என்று, கழுகுத் தலை மாதிரி பொம்மை செய்து கையில் மாட்டிக்கொண்டு ஊட்டினார்கள். 1992-லிருந்து காட்டில் விட ஆரம்பித்தார்கள். பொம்மை மட்டும் போதவில்லை, நல்லது கெட்டது சொல்லித்தரப் பெரிய கழுகின் கூட்டும் தேவை என்று அப்புறம்தான் புரிந்தது. இன்றைக்கு 500-ஐத் தாண்டிவிட்டன.

ஆதம்பாக்கத்தில் கழுகு பொம்மைக்கு எங்கே போவது? ஆபீஸ் போய்க்கொண்டிருந்த காலத்துக் கறுப்பு சாக்ஸ் பீரோவின் அடியில் கிடந்தது. அதைக் கையில் மாட்டி, விரல் நுனியில் ஓட்டை போட்டு, இடுக்கியை வெளியே நீட்டினேன். பெட்டிக்கு மேலே ஒரு துணித் திரை. திரைக்குப் பின்னால் நான், வாயே திறக்காமல். பார்த்த ஹெட்மாஸ்டர், "பொம்மலாட்டம் ப்ராக்டிஸா?" என்று கேட்டார்.

எதிர் ஃப்ளாட்டில் ஐந்தாம் கிளாஸ் படிக்கிற பெண் ஒருத்தி. முதல் நாளே ஒரு பெயரோடு வந்துவிட்டாள்.

"அங்கிள், இதை நாமளே வெச்சுக்கலாம். எங்க பாட்டி ஊர்ல கிளி வளர்த்தாங்க."

கிளியோ குயிலோ, காட்டுப் பறவையைக் கூண்டில் வைத்துக்கொள்வது 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று விளக்கினேன். அந்தச் சட்டத்தில் ரொம்ப நாளாகக் காக்கையை எலியோடு சேர்த்துத் 'தீங்குயிர்' பட்டியலில் வைத்திருந்தார்கள். 2022-ல் வந்த திருத்தத்தில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். குழந்தை இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சட்டத்துக்குத் தெரியாம வெச்சுக்கலாம்" என்றாள். பெரிய ஆடிட்டராக வருவாள்.

கடைசியில் அவளை எடை பார்க்கும் அதிகாரியாக நியமித்தேன். துணியால் மூடிய டப்பாவைத் தராசில் வைத்து நம்பரைப் படிக்க வேண்டும், பறவையோடு பேசக் கூடாது. பத்தாம் வயசில் அதைவிடப் பெரிய தியாகம் கிடையாது. உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு தினமும் வந்தாள். பெயரை மட்டும் மனசுக்குள் வைத்துக்கொண்டாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

நடுவில் ஒரு நாள் எனக்கே சோர்வாக இருந்தது. ஊரில் கோடிக்கணக்கில் பறவைகள். ஒரு குயிலுக்காக ஒரு முழு மனிதன் சாக்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ன லாப நஷ்டக் கணக்கு? அன்றைக்கு ராத்திரி 'ஆல் தட் ப்ரீத்ஸ்' என்ற டாக்குமென்டரியைப் பார்த்தேன். ஷௌனக் சென் எடுத்த படம், 2022-ல் சண்டான்ஸிலும் கான் விழாவிலும் பரிசு வாங்கி, ஆஸ்கர் வரைக்கும் போனது. டெல்லி வஸீராபாத்தில் நதீம், சௌத் என்று இரண்டு சகோதரர்கள். திரவ சோப்பு டிஸ்பென்சர் செய்கிற குடும்பத் தொழில். இளவட்டமாக இருந்த காலத்தில் அடிபட்ட ஒரு பருந்தை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அது மாமிசம் தின்னும் பறவை என்று சேர்த்துக்கொள்ளவில்லை. அண்ணன் தம்பி இருவரும் பாடி பில்டர்கள். தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று உடற்பயிற்சிப் பத்திரிகைகளில் படித்து வைத்திருந்ததை வைத்துக்கொண்டு தாங்களே தைக்கக் கற்றுக்கொண்டார்கள். மாஞ்சா கயிற்றில் அறுபட்டும், கூட்டிலிருந்து விழுந்தும் வந்த பருந்துகள் ஆயிரக்கணக்கில் அவர்கள் கையைத் தாண்டிப் போயிருக்கின்றன. ஜிம்முக்குப் போகும் தம்பிகள் கவனிக்க: பைசெப்ஸுக்கு இப்படியும் ஓர் உபயோகம் உண்டு!

பேரேட்டை மறுபடி திறந்தேன். 17 தடவை.

*

பதினெட்டாம் நாள் அது பெட்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தது. இறக்கையை விரித்து ஒரு தரம் அடித்தது. பேரேடு பக்கம் பக்கமாகப் பறந்தது. 170 கிராம். பாங்க் பெண் வந்து, தாம்பரம் தாண்டி ஒரு தோட்டத்தில் அவர்கள் குழு வைத்திருக்கும் பெரிய கூண்டுக்குக் கொண்டுபோனார். பறந்து பழகுவதற்கு நீளமான கூண்டு. உள்ளே இதே மாதிரி காக்கை வீட்டிலிருந்து வந்த வேறு இரண்டு குயில்கள். இனி அதற்குத் தேவை என் சாக்ஸ் இல்லை, சொந்தக்காரர்கள்.

வீடு ஒரு மாதிரி இருந்தது. காலை ஆறு மணிக்கு எழுந்து பப்பாளி நறுக்கிவிட்டு, அப்புறம் அதை நானே தின்றேன்.

மூன்று வாரம் கழித்து போன். "சார், ஞாயித்துக்கிழமை திறந்துவிடலாம்னு இருக்கோம். அதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். அதுக்கு நீங்கதான் வேணும்."

"நானா?"

"அது உங்ககிட்ட வருதான்னு பார்க்கணும். வந்தா, விட முடியாது."

சனிக்கிழமை ராத்திரி அம்மா கேட்டாள். "உன்னை அடையாளம் கண்டுக்குமா?"

"கண்டுக்கக் கூடாதும்மா."

கொஞ்ச நேரம் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "உங்க பெரியம்மா பையனை எட்டு வயசு வரைக்கும் நான்தானே வெச்சிருந்தேன், பெரியம்மாவுக்கு உடம்பு முடியாம இருந்தப்ப" என்றாள். "திரும்பக் கூட்டிட்டுப் போக வந்தாங்க. என் புடவையைப் பிடிச்சுக்கிட்டான். நான் அழுதா அவன் போக மாட்டான்னு கொல்லைப்பக்கம் போயி கிணத்துல தண்ணி இறைச்சேன். பஸ் போற சத்தம் கேக்கற வரைக்கும் இறைச்சேன். தொட்டி ரொம்பி வழிஞ்சது."

அந்தப் பெரியம்மா பையன் இப்போது மஸ்கட்டில் இருக்கிறார். தீபாவளிக்கு போன் செய்வார், சித்தி என்று கூப்பிடுவார். அம்மா அவரை இத்தனை வருஷத்தில் ஒரு தரம் கூடக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

ஞாயிறு காலை ஐந்து மணிக்குத் தோட்டம். சாக்ஸ் இல்லாமல், திரை இல்லாமல், என் முகத்தோடு கூண்டுக்குள் போனேன். கையில் ஒரு துண்டு பப்பாளி. மூன்று குயில்களும் கம்பில் உட்கார்ந்திருந்தன. என்னுடையது எது என்று பார்த்தவுடன் தெரிந்தது. இடது இறக்கையில் மூன்று வெளிர் புள்ளிகள். 'என்னுடையது' என்ற வார்த்தையை உடனே அடித்துவிடவும்.

ஓரடி எடுத்து வைத்தேன். அது தலையைச் சாய்த்தது. இன்னோரடி. மனசுக்குள் வரக் கூடாது வரக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். அதே மனசின் இன்னொரு மூலையில் வேறொன்றும் ஓடியது. அதை இங்கே எழுதுவதாக இல்லை.

மூன்றாவது அடிக்கு, படபடவென்று அடித்துக்கொண்டு கூண்டின் கடைசி மூலைக்குப் பறந்து, இலை மறைவில் ஒட்டிக்கொண்டது. மற்ற இரண்டையும்விட இதுதான் அதிகமாகப் பயந்தது.

"பாஸ்!" என்றார் பாங்க் பெண் வெளியிலிருந்து. பப்பாளித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். கண்ணில் தூசி விழுந்ததா என்று அவர் கேட்கவில்லை. இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தூசி புதிதல்ல போலிருக்கிறது.

கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தோம். யாரையும் பிடித்துக் காற்றில் வீசுவதில்லை. தட்டில் சாப்பாடு இருக்கும், கதவு திறந்திருக்கும், போக நினைக்கிறபோது போகலாம், பசித்தால் திரும்பலாம். காக்கைகள் கிளம்புவதற்கு முன்னால் திறப்பதுதான் சூட்சுமம். ஏனென்றால் எந்தக் காக்கை ஊட்டி வளர்க்கிறதோ, அதே காக்கை இனத்துக்கு வளர்ந்த குயிலைக் கண்டால் ஆகாது. கண்ட இடத்தில் துரத்தும்.

முதல் இரண்டும் பத்து நிமிஷத்தில் போய்விட்டன. இது மட்டும் வாசல் கம்பியில் உட்கார்ந்து யோசித்தது. ஐந்து நாற்பதுக்கு முதல் காக்கைச் சத்தம். பாங்க் பெண் வாட்சைப் பார்த்தார். ஐந்து ஐம்பதுக்கு அது பறந்தது. திறந்தவெளியில் பாதி தூரம் போவதற்குள் இரண்டு காக்கைகள் பின்னால் விழுந்தன. ஒன்று வாலைக் கொத்த எட்டியது. நான் எழுந்து நின்றுவிட்டேன். குயில் சட்டென்று இறக்கையை மடக்கிக் கல் மாதிரி கீழே விழுந்து, மாமரத்தின் அடர்த்திக்குள் புகுந்தது. காக்கைகள் மரத்தைச் சுற்றிக் கத்தின. உள்ளே ஓர் இலை அசையவில்லை. கப்சிப்!

அப்படி ஒளிய வேண்டும் என்று நான் சொல்லித்தரவில்லை. வளர்த்திருந்தால் காக்கையும் சொல்லித்தந்திருக்காது.

எட்டரை வரை உட்கார்ந்திருந்தோம். மாமரத்திலிருந்து அது எப்போது கிளம்பியது என்று நாங்கள் பார்க்கவில்லை. தட்டுக்கு நான்கு நாள் வந்ததாகப் பாங்க் பெண் சொன்னார். ஐந்தாம் நாளிலிருந்து பழம் அப்படியே இருந்ததாம். பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எடை பார்க்கும் அதிகாரி தன் கையெழுத்தில் '205 கிராம்' என்று எழுதி, கீழே இரட்டைக் கோடு போட்டுக் கணக்கை முடித்தாள்.

அடுத்த வருஷம் ஏப்ரல். ஹெட்மாஸ்டர் கண் சிவக்க மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"வேப்பமரத்துல ஒரு குயில் சார். விடிகாலை நாலு பத்துக்கு ஆரம்பிக்கிறாள். குக்கூ, குக்கூன்னு ஸ்ருதி ஏத்திக்கிட்டே போறாள். தூக்கம் போச்சு!"

"அது ஆண், சார். இப்படிக் கூவறது ஆண் குயில்தான். பெண் குயில் கீக்... கீக்னு கத்தும், அவ்வளவுதான்."

"ஆணோ பெண்ணோ! எந்தக் காக்கா வேலையத்துப் போய் இதை வளர்த்துவிட்டதோ!" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

எனக்கென்ன தெரியும்? காலையில் மோட்டார் போடுகிற சாக்கில் கொஞ்சம் சீக்கிரமாகவே மாடிக்குப் போய் நிற்கிறேன்.